ஒன்று, ஒன்று, ஒன்று

பத்தரை மணிக்குள் நான் ஐந்து முறை தண்ணீர் குடிக்க எழுந்துவிட்டேன்.

"நாற்காலியில முள்ளா?" என்றாள் கமா.

கமா எங்கள் புரோகிராமர். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒரு கமாவை விட்டுவிட்டு பத்தாயிரம் வீட்டு டிவியை இருட்டாக்கியவள். அன்றிலிருந்து அதுதான் பெயர். அவள் எழுதுவதை உடைத்துப் பார்ப்பது என் வேலை. கல்லூரியைப் பாதியில் விட்டவனுக்கு உடைக்கிற வேலைதான் வாய்க்கும் என்பாள்.

நாங்கள் செய்வது செட்டாப் பாக்ஸுக்குள் ஓடும் மென்பொருள். அந்தப் பெட்டி எந்தச் சேனலையும் பெயரை வைத்து அடையாளம் காண்பதில்லை. பெயரை அவரவர் இஷ்டத்துக்கு மாற்றுவார்கள். அதற்கு வேண்டியது மூன்று எண்கள்: யாருடைய வலை, எந்தத் தொகுப்பு, அதற்குள் எந்தச் சேனல். ஊர், தெரு, கதவு எண் மாதிரி. மூன்றும் சேர்ந்த முகவரி ஒருவருக்குத்தான் இருக்க வேண்டும். ஆனால் சின்னச் சேனல்காரர்கள் ஒளிபரப்புக் கருவியை வாங்கி, அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, அப்படியே ஓடவிடுகிறார்கள். தொழிற்சாலை போட்டுக் கொடுத்த எண்களோடு. ஒன்று, ஒன்று, ஒன்று.

ஒரே செயற்கைக்கோளில் இப்படி இரண்டு பேர். ஒன்று விளையாட்டுச் சேனல். மற்றது நாள் முழுக்க மெத்தை விற்பது. எங்கள் பெட்டிக்கு இரண்டும் ஒரே ஆள். தினமும் பகல் பன்னிரண்டு மணிக்குப் பெட்டி சேனல்களைத் தேடும்போது எது கடைசியில் அகப்படுகிறதோ அது 212-ஆம் நம்பரில் உட்கார்ந்துகொள்ளும். அறுபத்து மூன்று புகார் வந்திருந்தது. கமா நான்காவது எண்ணாக, இரண்டுக்கும் வேறுபடும் ஃப்ரீக்வென்சியைச் சேர்த்துவிட்டாள். பிற்பகல் இரண்டு மணிக்கு எல்லாப் பெட்டிகளுக்கும் புதிய மென்பொருள் போகிறது.

"பதிவு பண்ணப் போட்டு வச்ச பழைய டைமர் என்னாகும்?" என்று கேட்டேன்.

"மூணு நம்பர் வச்சுப் போட்டது. புதுப் பட்டியல்ல பொருந்தாது. கழண்டுடும். குறிப்புல போட்டிருக்கேனே."

"அதை எவன் படிப்பான்?"

"நீ படிச்சியே."

மூன்று மணிக்கு 212-இல் பளு தூக்கும் இறுதிப் போட்டி. தூக்குபவர்களில் ஒருத்தி என் தங்கை. ஆறு வருடம் தூக்கியும் டிவியில் வருவது இதுதான் முதல் முறை. மறு ஒளிபரப்பு எல்லாம் அந்தச் சேனலில் கிடையாது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் எட்டு மணி வரை வேலை, போன் லாக்கரில். "ராத்திரி வந்து பார்க்கறேன், பதிவு பண்ணிடு" என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். காலையில் டைமர் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். ஒரு பெட்டியில் பதிந்தது அந்தப் பெட்டியில் மட்டும்தான் ஓடும். அதனால் ஆபீஸில் பதிந்து பயனில்லை. வீட்டுக்கு ஒன்றரை மணி நேரப் பயணம், என் கையெழுத்து இல்லாமல் மென்பொருள் போகாது.

விஷயத்தைச் சொன்னேன்.

"அப்போ கையெழுத்து போடாதே. நாளைக்குப் போகட்டும்" என்றாள் கமா.

"பழசை நம்பினா தங்கச்சி வந்தாலும் வரும், மெத்தை வந்தாலும் வரும்."

மறுபடி எழுந்தேன். தாகம் இல்லை. கழிப்பறை வரை போய்த் திரும்பினேன். டைமரிடம் மூன்று எண்தான் இருக்கிறது. இரண்டு சேனலில் எதைக் கேட்டார்கள் என்பது பெட்டிக்குத் தெரியாது, கேட்டவருக்குத்தான் தெரியும்.

"பழைய டைமர் ரெண்டுக்குப் பொருந்தினா ரெண்டையும் பதியட்டும்" என்றேன். "பெட்டிதான் ஒரே நேரத்துல ரெண்டு பதியுமே."

"டிஸ்க் ரொம்பிடும்."

"ரொம்பட்டும்."

என்னை ஒரு நிமிஷம் முறைத்தாள். பிறகு விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள்.

"கமாவைப் பார்த்துப் போடு."

"வாயை மூடு."

அவள் எழுதி முடித்தபோது ஒன்றரை. இருபது பெட்டியில் சோதிக்க வேண்டும் என்பது விதி. இரண்டில் சோதித்தேன். படிவத்தில் இருபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நாலு மணிக்குத் தங்கை கூப்பிட்டாள்.

"அண்ணா, பதிவாச்சா?"

"வீட்டுக்குப் போனாத்தான் தெரியும்."

"ஆகியிருந்தா அழிச்சிடு. அம்மா வர்றதுக்குள்ள."

"என்னாச்சு?"

"மூணு தடவையும் போச்சு." வைத்துவிட்டாள்.

வீடு சேர ஏழரை. பட்டியலில் இரண்டு பதிவுகள். இரண்டுக்கும் பெயர் 212, அதே நேரம், அதே நீளம். எது அவள் என்று திறந்தால்தான் தெரியும். முதலாவதில் ஒருவன் மெத்தைமேல் குதித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவதை ஓட்டி அவளுடைய கடைசி வாய்ப்புக்கு வந்தேன். கம்பி தலைக்குமேல் போய்விட்டது. இடது முழங்கை லேசாக மடங்கியது. நடுவர்களின் மூன்று விளக்கில் இரண்டு சிவப்பு. அவள் விளக்கைப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றாள், பிறகு போட்டாள்.

அழிக்கிற பட்டனை அழுத்தினேன். உறுதியா என்று கேட்டது. எனக்கு உறுதியில்லை. அதைப் பிடிக்க நான் பதினெட்டு பெட்டிக்குப் பொய் எழுதியிருக்கிறேன். வெளியே வந்து மெத்தைக்காரனை அழித்தேன்.

அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்தாள். "பதிவாச்சா?"

"ஆச்சு. ஆனா..."

"போடு முதல்ல."

தோளில் பையோடு நின்றுகொண்டே பார்த்தாள்.

"மேல போயிடுச்சே!"

"கை மடங்கிடுச்சும்மா. செல்லாது."

"நான் ஈரப் பெட்ஷீட் மூட்டையைத் தூக்கறேன், கை மடங்காமலா தூக்கறேன்? திருப்பிப் போடு."

திருப்பிப் போட்டேன். பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. கமா.

"டிஸ்க் ரொம்பிடுச்சுன்னு நூத்தி நாப்பது புகார். ஊர் பூரா மெத்தை. இருபது பெட்டியோட சீரியல் நம்பரையும் மேனேஜர் கேக்கறார்டா. என்ன சொல்ல?"

"ரெண்டு இருக்கு, அதைக் கொடு."

"மீதி?"

டிவியில் கூட்டம் இரைந்தது. சத்தத்தைக் குறைக்க ரிமோட்டைத் தேடினேன். அது அம்மா கையில் இருந்தது. நான்காவது முறையாகக் கம்பி மேலே போய்க்கொண்டிருந்தது.