உன் கை, என் கை

லைசன் புதுப்பிக்க மெடிக்கல் எடுக்கப் போன இடத்தில்தான் எல்லாம் வெளியே வந்தது. தூரத்தில் மாட்டியிருந்த எழுத்து அட்டையைக் காட்டி டாக்டர் வாசிக்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் ஏழுமலை முதல் எழுத்தைச் சரியாகத்தான் சொன்னார். அடுத்த வரிக்கு வந்ததும், "லைட்டப் போட்டீங்கன்னா வாசிச்சுருவேன் சேர்" என்றார். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. கதவோரம் நின்ற நான் உள்ளே போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

ரத்தத்தில் இருந்த சீனி வருத்தம் கண்ணில் இறங்கிவிட்டதாம். இனி லைசன் கொடுக்க முடியாது, வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் தன்மையாகச் சொன்னார். நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். வண்டி பழக்குகிற லேர்னர்ஸ் நடத்துகிற கஜேந்திரன் அண்ணன் போய் எங்கள் ஆட்டோவை எடுத்து வந்து எங்கள் லயத்து வீட்டுக்கு முன்னால் விட்டார்.

ருவான்வெல்லைக்குப் பக்கத்தில் எங்களுடைய ரப்பர் தோட்டம். அங்கே யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும், யாரைப் பாம்பு கடித்தாலும் முதலில் கூப்பிடுவது இவரைத்தான். அப்படிப்பட்ட மனுசன் நாள் முழுக்க, ஓடாமல் நிற்கிற ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். சோறு பாதியில் நின்றது. "வித்துருவோம் கலா" என்றார் ஒருநாள். வண்டி போனால் இந்த ஆளும் போய்விடுவார் என்று எனக்குப் பயம். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வரும்.

"விக்கிறதுக்கு நான் என்ன செத்தா போயிட்டேன்? நான் எடுக்குறேன் லைசன்."

"நீயா? சைக்கிள்கூட ஓட்டுனதில்லையே."

"விடியக்காலையில மலை ஏறிப் பால் வெட்டுறவளுக்கு மூணு சில்லு வண்டி ஒரு பெரிய விசயமா?"

மெடிக்கல் எனக்குச் சுளுவாக முடிந்தது. எழுத்துப் பரீட்சைதான் வாட்டியது. தமிழில்தான் கேள்வி, ஆனால் அது என்ன தமிழோ. 'பாதசாரிக் கடவை' என்று போட்டிருந்தான். ரோட்டைக் கடக்கிற மஞ்சக் கோடு என்று சொன்னால் குறைந்தா போய்விடும்? நான் வாசிக்க வாசிக்க, இவர் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வார். அப்படித்தான் படித்தேன், பாஸும் பண்ணினேன். எல் போர்டு மாட்டியாகிவிட்டது. ரோட்டில் ஓட்டும்போது லைசன் உள்ளவர் கூட இருக்க வேண்டும் என்பதால் அங்கே கஜேந்திரன் அண்ணன் வருவார். தோட்டத்துக் கிரவுண்டில் மட்டும் எனக்கு மாஸ்டர் இவர்தான்.

முதல் நாள் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "சோத்துக் கைப் பக்கம் திருப்பு" என்றார். திருப்பினேன். முன்சில்லு தண்ணி ஓடுகிற கானுக்குள் இறங்கிவிட்டது.

"சோத்துக் கைப் பக்கம்னு சொன்னேனே, காது அடைச்சுப் போச்சா?"

"சோத்துக் கைப் பக்கம்தானே திருப்புனேன்" என்று கத்திக்கொண்டே என் இடக்கையைத் தூக்கி அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினேன்.

நான் நொட்டாங்கைக்காரி. பால் வெட்டுவதும் அந்தக் கையால்தான், சாப்பிடுவதும் அந்தக் கையால்தான். அதற்காக அம்மா சூடு வைத்திருக்கிறாள், மாமியார் முகத்தைத் திருப்பியிருக்கிறார். இவர் மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லாமலே இருந்து அதை மறந்தும் போயிருக்கிறார். அன்றைக்குச் சிரித்தார் பாருங்கள், டாக்டரிடம் போய் வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு. கூடச் சேர்ந்து நானும் சிரித்தேன், கொஞ்சம் அழவும் செய்தேன்.

"சரி, கேட்டுக்க. கியர் இருக்குறது ஒன் கைப் பக்கம்." பின்னாலிருந்து எட்டி, ரேஸைப் பிடித்திருந்த என் வலக்கையின் மேல் தன் கையை வைத்தார். "இது என் கைப் பக்கம். அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு எங்களுக்குள் இடதும் கிடையாது, வலதும் கிடையாது. உன் கை, என் கை என்றே கிரவுண்டைச் சுற்றினோம்.

வண்டியை ஓட்டிக் காட்டுகிற ட்ரயல் அன்றைக்கு இவர் ஆபீஸ் வாசலிலேயே நின்றுவிட்டார். பரீட்சை எடுக்கிற மாத்தயா பின்னால் ஏறிக்கொண்டார். சந்தி வந்ததும் சிங்களத்தில், "தகுணட்ட" என்றார். நாள் முழுக்கச் சிங்களம் பேசுகிற எனக்கு அந்த நேரம் பார்த்து மூளை மரத்துப்போனது. தகுண எந்தக் கை? பின்னால் ஒரு லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். அப்போது என் வலக்கையில் அவர் கை வந்து உட்கார்ந்த மாதிரி ஒரு சூடு. என் கைப் பக்கம் கலா, என் கைப் பக்கம். சிக்னல் போட்டேன், பார்த்தேன், திருப்பினேன். "ஹொந்தாய்", நல்லது என்றார் மாத்தயா.

தற்காலிக லைசன் கைக்கு வந்த அன்று எல் போர்டை இவரே தடவித் தடவி அவிழ்த்தார். பஜாருக்குப் போனோம். திரும்பி வரும்போது பலசரக்குக் கடை சாலி நானா கையைப் போட்டார். அரிசி மூட்டையோடு ஏறி, இவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தோட்டத்துச் சந்தி வரைக்கும் போகணும் ஏழுமலை. எவ்வளவு எடுப்பீங்க?"

"என்கிட்ட கேக்காதீங்க நானா" என்றார் இவர். "டிரைவர் அவங்க. அவங்கதான் சொல்லணும்."

கல்யாணமான நாளிலிருந்து யாரிடம் பேசினாலும் என்னை 'அவ' என்றே சொன்ன வாய் அது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

"என்ன, நின்னுருச்சு?" என்றார் பின்னாலிருந்து.

"ரோடு தெரியலங்க" என்றேன். "கொஞ்சம் இருங்க, கண்ணத் தொடச்சுட்டு எடுக்குறேன்."