வயர் பிடிக்கிற வேலை

என் வீட்டுக்காரர் என்னிடம் மனம் விட்டுப் பேசியதெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டுதான். கேட்பவர்களுக்கு நான் குறை சொல்வதுபோல் இருக்கும். குறையில்லை. எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்தால் அவருக்கு வார்த்தை வராது. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், மாட்டுவார், மறுபடியும் கழற்றுவார். கையில் ஓரவெட்டி ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் பேச்சு தானாக வரும்.

ஓரவெட்டி என்பது நாங்கள் வைத்த பெயர். கடையில் எட்ஜர் என்றுதான் விற்றார்கள். புல்தரையைச் சமமாக வெட்டுகிற மெஷின் வேறு. இது, நடைபாதைமேல் வழிந்து நிற்கும் புல்லை நெட்டுக்குத்தாகச் சுழலும் ஒரு தகட்டால் கோடு கிழித்ததுபோல் அறுத்துக்கொண்டு போகும். கரண்டில் ஓடுவது என்பதால் பின்னால் நீளமாக ஒரு வயர் இழுபட்டுக்கொண்டே வரும். வாங்கிய புதிதில் அந்த வயரையே அறுத்துவிட்டார். பட்டென்று ஒரு சத்தம். வீட்டில் ஓடிக்கொண்டிருந்ததெல்லாம் நின்றுபோனது, என் தையல் மெஷின் உட்பட. ஓடிவந்து பார்த்தால் மனிதர் மெஷினைப் பிடித்தபடி திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்கிறார். அன்றிலிருந்து வயர் பிடிக்கிற வேலை என்னுடையதாயிற்று. வயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, அவர் முன்னால் போகப் போக விட்டுக்கொடுத்துக்கொண்டே பின்னால் நடக்க வேண்டும்.

அவர் நகரமைப்பு அலுவலகத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர். தெருவில் ‘ஸ்கேல்’ என்று பட்டப்பெயரைச் சொன்னால்தான் அவரைத் தெரியும். வெட்டிய ஓரம் கொஞ்சம் கோணினாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. குழாயடியிலிருந்து கேட் வரைக்கும் ஒரே கோடு. யாராவது நின்று பார்த்து, “என்னமா வெட்டியிருக்கீங்க சார்” என்று சொல்லிவிட்டால் உச்சி குளிர்ந்துபோகும். அந்த வாரம் முழுவதும் நான் எதைக் கேட்டாலும் சரி என்பார். நானும் அதற்காகவே சில விஷயங்களை எடுத்து வைத்திருப்பேன்.

மெஷின் போடும் சத்தத்தில் பக்கத்தில் நின்று கத்தினால்தான் எங்களுக்கே கேட்கும். வீட்டுக்குள் இருந்த மகளுக்கு ஒன்றும் கேட்காது. அதனால் எங்கள் வீட்டு ரகசியம் எல்லாமே தொண்டை கிழியக் கத்திப் பேசியவைதான். மாமியாரை எங்களோடு வைத்துக்கொள்வதா, என் கொழுந்தனார் வீட்டுக்கு அனுப்புவதா என்று அங்கேதான் முடிவு செய்தோம். மகள் தானாகவே ஒரு பையனைப் பார்த்துவிட்டாள் என்று அங்கேதான் சொன்னேன். “பையன் எப்படி?” என்று கத்தினார். “உங்கள மாதிரி இல்ல, பேசறான்” என்று கத்தினேன். இரண்டாவது குழந்தை வயிற்றில் தங்கவில்லை என்று டாக்டர் சொன்னதையும் அவர் முதுகிடம்தான் சொன்னேன். அவர் மெஷினை நிறுத்தவில்லை, திரும்பவும் இல்லை. வேலை முடிந்தபின் கண் சிவந்திருந்தது. புல் தூசி என்றார். நானும் ஆமாம் என்றேன்.

வெட்டி முடித்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சாக்குமேல் மெஷினைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். தகட்டு மூடிக்குள் ஈரமண்ணும் புல்லும் அடைபோல் அப்பியிருக்கும். அதை மரக்குச்சியால்தான் சுரண்ட வேண்டும். நான் இரும்பை எடுத்தால் திட்டு விழும். பிறகு தகட்டைத் துடைத்து, நட்டை முறுக்கிப் பார்த்து, சக்கரத்துக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். எண்ணெய் என் தையல் மெஷினுடையது. கேட்டால் தொடவேயில்லை என்பார், மூக்கு நுனியில் எண்ணெய்க் கறையோடு. இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. அப்போது அலுப்பாகத்தான் இருந்தது. வெயிலில் எருமை மாதிரி வயரைச் சுமந்துகொண்டு நிற்கிறோமே என்று நொந்துகொண்ட நாட்கள் நிறைய உண்டு.

போன மாதம் ஓரவெட்டி நின்றுபோனது.

“மோட்டார் போச்சு. தூக்கிப் போட்டுடலாம்” என்றார். நான் அசந்துபோனேன். பழைய டார்ச் லைட்டைக்கூடப் பிரித்துப் பார்க்காமல் குப்பையில் போடாத மனிதர் இவர். இதை ஒரு ஸ்குரூகூடக் கழற்றிப் பார்க்கவில்லை. அதற்குச் சில வாரம் முன்பிருந்தே ஆள் கம்மென்று ஆகிவிட்டிருந்தார். வாயைக் கிளறிப் பார்த்தேன். பிடிகொடுக்கவில்லை. எதையோ உள்ளே வைத்துக்கொண்டு வெந்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. ஒரு நாள் காலையில் எங்கே போகிறேன் என்று சொல்லாமல் போய், மதியம் முகம் சுண்டித் திரும்பி வந்தார். கேட்டதற்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

விஷயத்தைக் கேள்விப்பட்ட மகள் புது எட்ஜர் ஒன்றை வாங்கி அனுப்பிவிட்டாள். பேட்டரியில் ஓடுவது.

“வயரே கிடையாதும்மா. இனிமே நீ அப்பா பின்னாலயே அலைய வேண்டாம்” என்றாள் போனில்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பெட்டியை அவரும் பிரிக்கவில்லை, நானும் பிரிக்கவில்லை. வயர் இல்லையென்றால் எனக்கு அங்கே என்ன வேலை? நான் பின்னால் இல்லையென்றால் அவர் யாரிடம் பேசுவார்? பழையது ஓடினால் இந்த மனிதர் வாயைத் திறப்பார், இல்லையென்றால் திறக்கவே மாட்டார். எனக்கு அது ஓடியாக வேண்டியிருந்தது.

அவர் முடிவெட்டப் போன நேரமாகப் பார்த்து மெஷினைத் தையல் மேசைமேல் தூக்கி வைத்தேன். திரைச்சீலை, பள்ளிச் சீருடை என்று வாழ்நாள் முழுக்க மோட்டார் வைத்த தையல் மெஷினோடு மாரடித்தவள் நான். நின்றுபோன மோட்டார் எனக்குப் புதிதல்ல. பிளக் பிடுங்கித்தான் இருக்கிறதா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். முகர்ந்து பார்த்தேன். கருகிய வாசனை இல்லை. தகட்டைக் கையுறையோடு சுற்றிப் பார்த்தேன். லேசாகச் சுற்றியது. வயர் எங்கும் விட்டுப்போகவில்லை. மிச்சம் இருந்தது கரி ஒன்றுதான்.

இந்த மாதிரி மோட்டாரின் இரண்டு பக்கமும் விரல்கடை அளவில் ஒவ்வொரு கரிக்கட்டி இருக்கும். பின்னால் ஒரு ஸ்பிரிங் அதைத் தள்ளிக்கொண்டிருக்கும். இரண்டு கரியும் நடுவில் சுழலும் உருளையைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் மோட்டார் ஓடும். இடதுபக்க மூடியைத் திருகிக் கழற்றினேன். கரி பாதி தேய்ந்து, நல்லபடியாகவே இருந்தது. வலதுபக்கத்தைக் கழற்றினேன். உள்ளே ஒன்றுமில்லை.

கரி தேய்ந்துபோகலாம், உடைந்துபோகலாம். ஸ்பிரிங்கையும் கூட்டிக்கொண்டு எழுந்து போகாது. யாரோ மூடியைக் கழற்றி, கரியை உருவிக்கொண்டு, மூடியை ஒழுங்காகத் திருகி வைத்திருக்கிறார்கள். இந்த வீட்டில் அந்த யாரோ ஒருவர்தான். எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. என்னோடு பேசப் பிடிக்காமல் மெஷினையே முடக்கிப் போட்டிருக்கிறாரே என்று உள்ளுக்குள் கொதித்தேன். வரட்டும், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுகிறேன் என்று வெளியே போய் நின்றேன்.

அப்போதுதான் நடைபாதை ஓரத்தைப் பார்த்தேன். கடைசியாக அவர் வெட்டிய கோடு. வயர்மேலேயே கண்ணாக நடந்ததில் அன்றைக்கு நான் இதைக் கவனிக்கவில்லை. புல் கொஞ்சம் வளர்ந்திருந்தாலும் மண்ணில் வெட்டு தெரிந்தது. குழாயடியில் நேராகத் தொடங்கி, போகப் போக உள்ளேயும் வெளியேயும் அலைந்திருந்தது, முதல் முதலாக எழுதப் பழகும் குழந்தையின் கோடுபோல. ஓரிடத்தில் தகடு புல்தரைக்குள்ளேயே பாய்ந்திருந்தது. பெயர்ந்த புல்லை எடுத்து வைத்து விரலால் அமுக்கிவிட்ட தடம் இருந்தது.

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. டம்ளரில் பாதி ஊற்றினால் போதும் என்று அவர் சொல்லத் தொடங்கியது நினைவுக்கு வந்தது. சட்டை இறுக்குகிறது என்று சொல்லிப் பனியனாகப் போட்டுக்கொண்டு திரிவதும். நான் தைத்த சட்டை எப்படி இறுக்கும்? பட்டன் போட முடியாமல்தான். கூடவே இருந்துகொண்டு இதைப் பார்க்காமல் என்ன கிழித்துக்கொண்டிருந்தேன் என்று இருந்தது.

தெரிந்தாகிவிட்டதே, நேராகக் கேட்டுவிட்டால் என்ன என்று தோன்றாமல் இல்லை. கேட்டால் ‘ஒண்ணுமில்ல’ என்பார். ஒருதரம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால் அதையே பிடித்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிடுவார். அவராகச் சொல்ல வேண்டும். தனியாகப் பயந்துகொண்டிருக்கக் கூடாது, எனக்கு அது போதும்.

மோட்டாருக்குக் காயில் கட்டி ரிப்பேர் பார்க்கிற கடைக்கு இருந்த ஒரு கரியை எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் அதை உருட்டிப் பார்த்தார்.

“இன்னொண்ணு எங்கக்கா?”

“காணோம் தம்பி.”

“அது எப்படிக் காணாமப் போகும்?”

“எங்க வீட்ல போகும்” என்றேன்.

இந்த அளவில் இல்லை, டிரில் மெஷின் கரி ஜோடியாக இருக்கிறது, தேய்த்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று கொடுத்தார். வீட்டுக்கு வந்து உப்புத்தாளைத் தரையில் விரித்து, கரியின் நாலு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். அதிகம் தேய்த்தால் ஆடும், குறைவாகத் தேய்த்தால் சிக்கும். ஸ்பிரிங் தள்ளத் தள்ளத் தடையில்லாமல் வழுக்கி இறங்கும்வரை தேய்த்து, இரண்டையும் மாட்டி மூடினேன். விரலெல்லாம் கறுப்பு. சோப்புப் போட்டுத் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. அவரும் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயடிக்குக் கொண்டுபோய் பிளக்கைச் சொருகி விசையை அழுத்தினேன். கரி புதிது என்பதால் கொஞ்சம் பொறி பறந்தது, பிறகு அதன் பழைய இரைச்சலோடு ஓடியது. அவர் வாசலுக்கு ஓடிவந்தார்.

“எப்படி ஓடுது?”

விசையை விட்டேன். ஓடாத மெஷின் ஓடினால் யாரும் சந்தோஷப்படுவார்கள். இவர் முகத்தில் ரத்தமே இல்லை.

“கரி தேஞ்சிருந்துது. மாத்தினேன்” என்றேன்.

என் விரல்களைப் பார்த்தார். நான் எதைப் பார்த்திருப்பேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் கண்ணாடிக்குக் கை கொண்டுபோவதற்குள் வயர்ச் சுருளை எடுத்து அவர் தோளில் மாட்டினேன்.

“எத்தன வருஷம் நான் பிடிச்சிருக்கேன். இன்னைக்கு நான் ஓட்டறேன், நீங்க பிடிங்க.”

“உனக்கு ஓட்டத் தெரியாது.”

“தையல் நேரா வருது, இது வராதா?”

“துணியா இது? டெய்லரம்மா, சக்கரத்தப் பாதைமேல வை. அமுக்காத. அதுவா போகும்.”

கிளம்பினேன். நேராக வரவேயில்லை. பின்னாலிருந்து கத்திக்கொண்டே வந்தார். இடதுபக்கம் போகிறாய், கையை இறுக்காதே, புல்லைப் பார்க்காதே பாதையைப் பார். அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. முகத்தைத் திருப்பாமல் சிரித்துக்கொண்டே போனேன். பாதி தூரம் போனதும் குரல் நின்றது. வயர் மட்டும் சரியாக விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தது.

“இந்தா” என்றார் பின்னால்.

“சொல்லுங்க.”

“கை நடுங்குது.”

“கேக்குது. சொல்லுங்க.”

“டாக்டர்கிட்டப் போனேன். தனியாத்தான் போனேன். இது போகாதாம். மாத்திர போட்டா கொஞ்சம் மட்டுப்படுமாம். ஆனா ஜாஸ்திதான் ஆகுமாம்.”

எனக்குக் கண் மறைத்தது. திரும்பி அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. திரும்பினால் முகத்தைப் பார்ப்பார், பேச்சு நின்றுவிடும். தலையைக் குனிந்துகொண்டு போய்க்கொண்டேயிருந்தேன். அவர் கத்திக்கொண்டே வந்தார். ராத்திரியில் தூக்கம் வருவதில்லை என்றார். எனக்குப் பாரமாகிவிடுவோமோ என்று வெட்கமாக இருக்கிறது என்றார். தன் கையெழுத்தைத் தன்னாலேயே படிக்க முடியவில்லை என்றார். இத்தனை வருஷத்தில் சேர்ந்தாற்போல் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

கேட் வந்துவிட்டது. புல் அங்கே முடிகிறது. அதற்கப்பால் மதிலோரம் வெறும் மண்ணும் சரளையும்தான். அவர் இன்னும் முடிக்கவில்லை.

நான் விசையை விடவில்லை. மெஷினை மதிலோரத்துக்குத் திருப்பி மண்ணுக்குள் இறக்கினேன். தகடு கல்லில் பட்டு அலறியது, சரளை தெறித்தது. மெஷின் கெட்டுவிடும் என்று அவர் சொல்லவில்லை. வயரை விட்டுக்கொடுத்துக்கொண்டு, பேசிக்கொண்டே என் பின்னால் வந்தார்.