மாஸ்டர் முன்னால், டப்பா பின்னால்

பேக்கரி மாஸ்டரைப் பொறுத்தவரை ஓட்டம் என்பது மற்றவர்கள் செய்யும் காரியம். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸ். வாரமெல்லாம் கால் கடுக்க நின்றவள் ஞாயிற்றுக்கிழமையாவது காலை நீட்டிப் படுப்பாள் என்று பார்த்தால், அன்றைக்குத்தான் ஷூ நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்புவாள். சுற்றுவட்டாரத்தில் எங்கே ஓட்டப் பந்தயம் நடந்தாலும் அவள் பெயர் கொடுத்திருப்பாள். மாஸ்டரும் கூடவே போவார். பை பிடிக்க.

ஆரம்பத்தில் மனைவியின் பை மட்டும்தான். பிறகு ஒருநாள் யாரோ ஒருவர், "சார், இதையும் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா?" என்று கார் சாவியை நீட்டினார். அடுத்த வாரம் ஒரு அம்மாள் கைப்பையைத் தோளில் மாட்டிவிட்டுப் போனாள். அப்புறம் கேட்கவா வேண்டும்? ஓட்டக் குழுவே தங்கள் உடைமைகளை அவர் மேல் தொங்கவிட ஆரம்பித்தது. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர், வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தோதாக இருக்கட்டும் என்று பல்செட்டையே கழற்றி ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்துவிடுவார். மாஸ்டர் அத்தனையையும் சுமந்துகொண்டு முடிவுக்கோட்டுப் பக்கம் நிற்பார். தூரத்திலிருந்து பார்த்தால் பை விற்கிற கடை ஒன்று தொப்பையோடு நிற்பதுபோல இருக்கும்.

எல்லோரும் 'மாஸ்டர், மாஸ்டர்' என்று கூப்பிடுவதைக் கேட்டுப் புதிதாகச் சேர்ந்தவர்கள் அவர்தான் பயிற்சியாளர் என்று நினைத்துக்கொள்வார்கள். "மாஸ்டர், முழங்கால் வலிக்குது, என்ன செய்யலாம்?" என்பார்கள். அவருக்குத் தெரிந்தது ரொட்டி ஒன்றுதான். "அவசரப்படாதீங்க. நல்லா ஆற விடுங்க. அப்புறம் தொடலாம்" என்பார். முழங்கால்களும் ஆச்சரியமாகக் குணமாகிவிடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் டப்பா வந்து சேர்ந்தது. மனைவியின் தம்பி வளர்த்த நாய் அது. குட்டியாக ஒரு செருப்பு டப்பாவுக்குள் வந்ததால் அந்தப் பெயர். தம்பிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்ததும், "கொஞ்ச நாளைக்குத்தான் மாமா" என்று சொல்லி அதை இவர்களிடம் விட்டுப்போனான். அதற்குள் டப்பா பின்னங்காலில் நின்று ஃபிரிட்ஜின் மேல்தட்டை நக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. சோறு போடுவது நர்ஸ், குளிப்பாட்டுவது நர்ஸ், ஊசி போட அழைத்துப்போவது நர்ஸ். ஆனால் டப்பாவின் உயிர் மாஸ்டரிடம்தான் இருந்தது. வெண்ணெயும் ஏலக்காயும் பாலும் மணக்கிற ஒரு மனிதர் தினமும் வீட்டுக்கு வந்தால் எந்த நாய்தான் மயங்காது? அவருடைய மாவு படிந்த ஏப்ரனை விரித்துப் போட்டால்தான் அது தூங்கும்.

நாயோடு சேர்ந்து காட்டுப் பாதையில் ஓடும் போட்டி ஒன்று இருக்கிறது என்று குழுவில் யாரோ சொன்னதும் நர்ஸுக்குத் தலைகால் புரியவில்லை. நாயின் மார்பில் ஒரு பட்டை, ஓடுபவர் இடுப்பில் ஒரு பெல்ட், இரண்டையும் இணைக்க, இழுத்தால் நீள்கிற கயிறு ஒன்று. நாய் முன்னால் இழுக்கும், ஆள் பின்னால் ஓட வேண்டும்.

"அப்ப நாய் உன்னைய வாக்கிங் கூட்டிட்டுப் போகுதுன்னு சொல்லு" என்றார் மாஸ்டர்.

"நீங்க சும்மா இருங்க. நம்ம டப்பா எப்படி ஓடுறான்னு நீங்க பாத்ததே இல்ல."

அது உண்மைதான். தினமும் டியூட்டி முடிந்து வந்ததும் அவள் டப்பாவோடு பயிற்சி எடுத்தாள். வீட்டு வாசலில் நின்று "போ!" என்றால் போதும், டப்பா அம்பாகப் பாயும். பூங்காவைச் சுற்றி, பெட்ரோல் பங்க் தாண்டி, தபாலாபீஸ் முக்கில் திரும்பி, பேக்கரி வாசலில் போய்த்தான் நிற்கும். நர்ஸ் மூச்சிரைக்க, "பாத்தீங்களா வேகத்த!" என்பாள். மாஸ்டர் ஓவனிலிருந்து தட்டை இழுத்துக்கொண்டே, "சிங்கம்டா நீ" என்று ஒரு பிஸ்கட் போடுவார். அந்த ஓட்டம் ஏன் எப்போதும் பேக்கரியிலேயே முடிகிறது என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

போட்டி நாள் வந்தது. ஊருக்கு வெளியே ஒரு புல்வெளி. அதைத் தாண்டிச் சரிவு, ஓடை, மரக்கூட்டம், கடைசியில் ஒரு மேடு. முந்தின நாள் பெய்த மழையில் எல்லாம் சொதசொதவென்று கிடந்தது. எங்கே பார்த்தாலும் நாய்கள். கன்றுக்குட்டி மாதிரி சில, கைக்குட்டை மாதிரி சில, எல்லாம் ஒரே சமயத்தில் குரைக்க, மைக் பிடித்தவர் அவற்றோடு போட்டி போட்டுக் கத்திக்கொண்டிருந்தார். குழுவிலிருந்து பாதிப்பேர் வந்திருந்தார்கள். நாய் இல்லாதவர்கள் இரவல் நாய் பிடித்து வந்திருந்தார்கள். வழக்கம்போல மாஸ்டர் மேல் பைகள் ஏறின. ஓட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று அவர் கொண்டுவந்திருந்த வெண்ணெய் பிஸ்கட் பொட்டலம் வேறு சட்டைப் பையில் புடைத்துக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு ஜோடியாக, கொஞ்சம் இடைவெளி விட்டு அனுப்பினார்கள். நர்ஸின் முறை வந்தது. விசில் ஒலித்தது.

"போ!" என்றாள்.

டப்பா போனது. பின்பக்கமாக. ஆரம்பக் கோட்டுக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு, நர்ஸையும் தரதரவென்று இழுத்து, மாஸ்டர் காலடியில் போய் உட்கார்ந்து வாலை ஆட்டியது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. நர்ஸ் திரும்ப இழுத்துவந்து கோட்டில் நிறுத்தினாள். திரும்பவும் அதே கதை. மூன்றாவது முறை டப்பா மல்லாந்து படுத்தே விட்டது.

"அடுத்த ஜோடி ரெடியா?" என்றார் மைக் பிடித்தவர்.

நர்ஸின் முகம் சுண்டிவிட்டது. வார்டில் எந்தக் குழந்தை எப்படி வீறிட்டாலும் கலங்காதவள், இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். மாஸ்டருக்கு மனசு கேட்கவில்லை. பைகளோடு கோட்டைத் தாண்டிப் போய், "இங்க பாருடா, இப்படித்தான் போகணும்" என்று நாலு எட்டு ஓடிக் காட்டினார்.

டப்பா துள்ளி எழுந்தது. கயிறு விண்ணென்று நின்றது. நர்ஸ் முன்னால் பறந்தாள்.

மாஸ்டர் திரும்பி வரப் பார்த்தார்.

"நிக்காதீங்க!" என்று மனைவி அலறினாள். "ஓடுங்க! ஓடுங்கங்க!"

கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லி அவர் மறுத்த காரியம் அது ஒன்றுதான். இந்தமுறை மறுக்க நேரமில்லை. ஓடினார்.

சரிவில் அவர் ஓடவில்லை, உருண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு தோளிலும் பைகள் ஊஞ்சலாடின. கழுத்தில் தொங்கிய சாவிக்கொத்துகள் ஜல்ஜல் என்று ஒலித்தன. கிண்ணத்துக்குள் பல்செட் கடகடவென்று தாளம் போட்டது. பின்னால் டப்பா, அதன் பின்னால் நர்ஸ். வெண்ணெய் வாசனை காற்றில் பரவியதும், முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு பழுப்பு நாய் சட்டென்று நின்று, மாஸ்டர் கடந்து போனதும் அவர் பின்னாலேயே திரும்பிக்கொண்டது. அதைப் பார்த்து இன்னொன்று. ஓடை வந்து சேர்வதற்குள் ஒரு நாய்ப் பட்டாளமே அவர் பின்னால் வந்தது. ஒவ்வொன்றும் தன் எஜமானரை இழுத்துக்கொண்டு வந்தது.

"மாஸ்டர், என் வண்டிச் சாவி!"

"மாஸ்டர், என் போன் அடிக்குது, எடுங்க!"

"மாத்தர், என் பல்லு!" என்றது ஒரு பொக்கைக் குரல்.

"எல்லாம் பத்திரமா இருக்கு!" என்று கத்திக்கொண்டே மாஸ்டர் ஓடையில் இறங்கினார். பைகளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டார். பாதி தூரத்தில் கால் வழுக்கி உட்கார்ந்தார். தண்ணீர் மார்பு வரைக்கும். தூக்கிய கை மட்டும் இறங்கவே இல்லை. வழி காட்ட நின்றிருந்த ஆள் வலது பக்கம் கை நீட்ட மறந்து, மொபைலில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

மரக்கூட்டத்துக்குள் நுழைந்ததும் மாஸ்டருக்கு நெஞ்சு அடுப்பாக எரிந்தது.

"என்னால முடியல. நான் செத்தேன்."

"பேசுறீங்கல்ல, அப்ப சாகல" என்றாள் நர்ஸ். "மூக்குல இழுங்க, வாயில விடுங்க. பிரசவத்துக்குச் சொல்றதுதான், நல்லா வேலை செய்யும்."

"யாருக்குப் பிரசவம்?"

"உங்களுக்குத்தான். இழுங்க, விடுங்க!"

அவர் இழுத்தார், விட்டார், அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்க, அவள் சிரிக்க, சிரிப்பில் இரண்டு பேருக்கும் மூச்சே வரவில்லை. டப்பா என்னவோ ஏதோ என்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக் குரைத்தது.

மேட்டின் அடிவாரத்தில் மாஸ்டர் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் ஒரு எட்டுகூட எடுத்துவைக்க முடியாது என்று கையை ஆட்டினார். டப்பாவும் உரசிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து அவர் காதை நக்கியது. மற்ற நாய்கள் அவரைச் சூழ்ந்து நின்றன. அவர் சட்டைப் பையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தை எடுத்தார். தண்ணீரில் ஊறிக் களியாகியிருந்தது. அதைத் தூரமாக வீசியெறிய, நாய்களும் எஜமானர்களும் அந்தத் திசையில் காணாமல் போனார்கள். டப்பா மட்டும் அசையவில்லை.

நர்ஸ் மேட்டைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்த பெல்ட்டைக் கழற்றினாள்.

"பைய எல்லாம் இங்க குடுங்க."

"என்ன பண்ணப்போற?"

"குடுங்கன்னா குடுங்க."

பெல்ட் அவர் இடுப்பைப் பாதிகூடச் சுற்றவில்லை. அவள் கொஞ்சமும் தயங்காமல் ஒரு பையின் வாரை அவிழ்த்து, கட்டுப் போடுகிற கைத்திறமையோடு இழுத்து முடிச்சுப் போட்டாள். எல்லாப் பைகளையும் தன் மேல் மாட்டிக்கொண்டாள். பிறகு டப்பாவின் காதருகே குனிந்து சொன்னாள்:

"டப்பா, உன் ஆள் உன்கூடவே வர்றாரு. இப்பப் போ."

டப்பா புரிந்துகொண்டதா, இல்லை இனி இந்த மனிதர் எங்கேயும் தப்ப முடியாது என்ற சந்தோஷமா தெரியாது. அது மேட்டைப் பார்த்துப் பாய்ந்தது. மாஸ்டரின் இடுப்பை யாரோ கொக்கி போட்டுத் தூக்கியதுபோல இருந்தது. ஒரு கால் தரையில் படுவதற்குள் அடுத்த கால் கிளம்பியது. விடியற்காலையிலிருந்து ஓவன் முன்னால் நின்று நின்று கல்லாகிப்போயிருந்த அந்தக் கால்கள் தாமாகப் போயின. தன் எடையை யாரோ வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்று தோன்றியது. ஈஸ்ட் போட்ட மாவு பொங்குவதை அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். மாவுக்கு உள்ளே இருந்தால் எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"ஏம்மா! ஏம்மா, போகுது பாரு! காலு தானா போகுது!"

"பேசாம ஓடுங்க!" என்று பின்னால் சாவிகள் குலுங்கின.

முடிவுக்கோட்டில் மைக் பிடித்தவர் திகைத்துப்போனார். "இதோ வருகிறார்... வருகிறார்... யார் இவர்? இவருக்கு நம்பரே இல்லையே!" மாஸ்டர் கோட்டைத் தாண்டினார். நிறுத்துவது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. டப்பா அவரைக் குடிநீர் மேசை வரைக்கும் கொண்டுபோய், மேசையோடு சேர்த்துச் சாய்த்தது. கொஞ்ச நேரத்தில் நர்ஸும் வந்தாள். நெஞ்சில் நம்பர், தோளெல்லாம் பை, நாயைக் காணோம்.

நடுவர்கள் கூடிப் பேசினார்கள். நம்பர் இல்லாமல் வந்த நாய்க்கும் இடம் கொடுக்க முடியாது, நாய் இல்லாமல் வந்த நம்பருக்கும் இடம் கொடுக்க முடியாது, இரண்டு பேருமே போட்டியில் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். நர்ஸ் அதைக் கேட்டுப் புல்லில் விழுந்து புரண்டு சிரித்தாள். தலைமை நடுவர் கடுமையாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். டப்பா அந்த நேரம் பார்த்து உடம்பை உதறியது. ஓடைச் சேறு முழுவதும் அவர் வெள்ளைச் சட்டையில் போய் உட்கார்ந்தது. அவரும் சிரித்துவிட்டார்.

மறுநாள் மாஸ்டரால் கீழ்த்தட்டு ரொட்டியைக் குனிந்து எடுக்க முடியவில்லை. இரண்டு நாள் மாடிப்படியில் பின்பக்கமாகத்தான் இறங்கினார். "இனி அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம் நர்ஸ் டியூட்டி முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். ஜன்னலில் தலையைச் சாய்த்து அரைத் தூக்கத்தில் இருந்தவள், நடைபாதையில் ஒரு கனத்த உருவம் ஓடுவதைப் பார்த்தாள். இடுப்பில் புத்தம்புது பெல்ட், அளவெடுத்துச் செய்ததுபோல. முன்னால் ஒரு நாய். அவள் எழுந்து கண்ணாடியைத் தட்டினாள். மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். திருட்டுத்தனமாகச் செய்தது அகப்பட்டுக்கொண்ட வெட்கம் ஒரு நொடி. பிறகு பஸ்ஸைப் பார்த்தார், அடுத்த நிறுத்தத்தைப் பார்த்தார்.

"டப்பா, போ!"

"டிரைவர், விடாதீங்க!" என்று நர்ஸ் கத்தினாள். "அது என் வீட்டுக்காரரு!"

டிரைவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. பஸ் உறுமியது. வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து இடப்பக்கம் வந்தார்கள். பாதிப்பேர் பஸ்ஸுக்குக் கை தட்ட, மீதிப்பேர் நாய்க்கு விசிலடித்தார்கள். காய்கறிக் கூடையோடு நின்ற அம்மாள், "தம்பி, விடாத! முந்திடு!" என்று ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டினாள். சிக்னலில் சிவப்பு விழுந்தது. "ஐயோ!" என்றது பஸ் முழுவதும் ஒரே குரலில். நடைபாதைக்கு ஏது சிவப்பு? மாஸ்டர் நேராகப் போய்க்கொண்டே இருந்தார்.