பொம்மைக்குக் கட்டிய புடவை

செம்பாக்கத்துத் தூண் பங்களா மியூசியம் ஆனபோது, ஜெயக்கொடிக்கு அங்கே பெருக்கித் துடைக்கிற வேலை கிடைத்தது. முகப்பில் ஆறு வெள்ளைத் தூண், வாசலில் அதைக் கட்டிய முதலாளியின் பெருமையை அளக்கும் பெரிய பலகை. சமைத்தவள், பெருக்கியவள் பேரெல்லாம் அதில் எதற்கு?

திறப்பு விழாவுக்கு இன்னும் ஒரு மணி நேரம். கூடத்தில் நிறுத்தியிருந்த ஆளுயரப் பொம்மையைத் துடைக்கப் போனாள் ஜெயக்கொடி. 'முதலாளியம்மாவின் கல்யாணப் புடவை' என்று அட்டை வைத்திருந்தார்கள். நேற்று கரண்ட் போன நேரத்தில் அதை மடிப்புப் பிடித்துக் கட்டிவிட்டது அவள்தான். இப்போது வெளிச்சத்தில் பார்த்தால் புடவையின் நாலு முனையிலும் மஞ்சள் தடவியிருந்தது.

"மேடம், இந்தப் பொடவைய எங்கேர்ந்து எடுத்தீங்க?"

"சமையல்கட்டுப் பரண்ல. மூங்கில் பெட்டிக்குள்ள இருந்தது," என்றாள் பொறுப்பாளர் சாவித்ரி, போனிலிருந்து தலை தூக்காமல்.

"இது பூவாடைக்காரி பொடவ மேடம்."

ஜெயக்கொடி வீட்டிலும் அந்த வழக்கம் உண்டு. சுமங்கலியாகச் செத்தவளின் புடவையை, நாலு முனையிலும் மஞ்சள் தடவி, மூங்கில் பெட்டியில் வைத்துக் கும்பிடுவார்கள். கல்யாணம் என்றால் முதல் படையல் அவளுக்குத்தான். அந்த வீட்டுப் பெண்ணைத் தவிர வேறு ஒருத்தி தொட்டால், தொட்டவள் வீட்டுக் கல்யாணம் நின்றுபோகும் என்று சொல்லித்தான் அவளை வளர்த்தார்கள். அவள் மகள் ஓவியாவுக்கு வருகிற வெள்ளிக்கிழமை கல்யாணம். பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சாவித்ரியிடம் சொன்னாள்.

சாவித்ரி சிரிக்கப் பார்த்தாள். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்த முதலாளியின் பழைய டைரியில் தேடினாள்.

"சமையல்காரி கங்கையம்மாள் பிரசவத்துல போயிருக்கா. புருஷன் அவ பொடவப் பெட்டிய இங்கயே வச்சுட்டு ரங்கூன் போயிட்டானாம்." சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது. "நானும் இத கட்டிண்டுதான் திறப்பு விழா இன்விடேஷனுக்கு போட்டோ எடுத்தேன். கழட்டிடு ஜெயக்கொடி."

"நானா? அந்த வூட்டுப் பொம்பளதான் தொடணும்."

"அந்த வீட்டுல யாரு இருக்கா இப்போ?"

வாசலில் கார் கதவுகள் சாத்தும் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊரே வந்து இந்தப் பொம்மையோடு செல்ஃபி எடுக்கும். சாவித்ரி சுவரோடு ஒட்டி நின்றுவிட்டாள்.

ஜெயக்கொடி தன் தலையிலிருந்த மல்லிகையை எடுத்துப் பொம்மையின் காலடியில் வைத்தாள்.

"கங்கம்மா, இன்னிலேர்ந்து நீ எங்க வூட்டுப் பொண்ணு, அதனால நான் தொடலாம். ஓவியா கல்யாணத்துல மொத படையல் உனக்குத்தான், புதுப் பொடவையும் வெக்கிறேன். எம் பொண்ண மட்டும் ஒண்ணும் பண்ணிடாத தாயே."

கங்கையம்மாள் சம்மதித்தாளா என்று யாரைக் கேட்பது? முகம் தெரியாத ஒருத்திக்குத் தன் வம்சமே இனிப் பயந்து படைக்கும் என்று வாக்குக் கொடுத்தாகிவிட்டது. ஜெயக்கொடி பொம்மையின் தோளில் புடவையைக் குத்தியிருந்த முதல் ஊசியைக் கழற்றினாள்.