வெள்ளை அட்டையில் எண்ணெய்க் கோடு

ராஜபாளையத்தில் சாம்சனின் மெஷின் கடையில், இரண்டு டப்பாக்களை முன்னால் வைத்துக்கொண்டு கண்ணுச்சாமி முழித்துக்கொண்டு நின்றார். பதினோரு வருஷமாக மெஷின் வைத்து மரம் அறுக்கிற ஆள், எண்ணெய் வாங்கத் தெரியாமல் நிற்பதாவது!

"இது பெட்ரோல்ல கலக்குறது. இது மரம் அறுக்குற செயினுக்கு" என்றார் சாம்சன். செயின் எண்ணெயில் ஒரு சொட்டைத் தொட்டு விரல்களுக்கு நடுவே இழுத்தார். பாகு மாதிரி கம்பியாக நீண்டது. "பாத்தியளா? இப்பிடி ஒட்டுனாத்தான் செயினோட சுத்தி வரும். இத்தன நாளா என்னத்த ஊத்துனிய?"

பைக் ஒர்க்‌ஷாப்பில் வடித்துப் போடும் கறுப்பு எண்ணெயைத்தான் ஊற்றினார். அந்தப் பக்கத்தில் மரம் அறுக்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் ஊற்றுகிறார்கள். சும்மா கிடைப்பதை விட்டுவிட்டு எவன் கடைக்கு வருவான்? அவர் முகத்தைப் பார்த்தே சாம்சனுக்குப் புரிந்துவிட்டது.

"அதுல இரும்புப் பிசிறு கெடக்கும்ணே. எண்ணெ வார ஓட்டைய அடைச்சிரும். காஞ்சு ஓடுனா சூட்டுல செயின் நீண்டு தொங்கும். பொறவு கழண்டு கையில அடிக்கும்."

கண்ணுச்சாமி டப்பாக்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

மூன்று மாதத்துக்கு முன்னால், சோழபுரத்தில் ஒரு வேப்பமரம் கரண்டு கம்பிமேல் சாய்ந்து கிடந்தது. லைன்மேன் இரண்டு மணி வரைக்கும்தான் கரண்டை நிறுத்தியிருந்தார். ஏறுவதற்கு முன்னால் மெஷினை முடுக்கி, அதன் நுனியை ஒரு தாளுக்கு நேராகக் காட்டுவது மரம் அறுக்கிறவர்கள் வழக்கம். எண்ணெய் தெறித்துத் தாளில் கோடு விழுந்தால்தான் மரத்தில் கை வைக்கலாம். ஒருத்தர் மெஷினைப் பிடிக்க, இன்னொருத்தர் தாளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அன்றைக்கு மெஷின் மச்சினன் மாரிசெல்வத்தின் கையில் இருந்தது, தாள் கண்ணுச்சாமியின் கையில். தாளில் ஒரு பொட்டுக்கூட விழவில்லை. மணி ஒன்றே கால் ஆகியிருந்தது. கழற்றிச் சுத்தம் செய்ய அரைமணி நேரமாவது ஆகும்.

"விழுது மாப்ள, ஏறு" என்றார். பாழாய்ப்போன வாய்!

மூன்றாவது கொப்பை அறுக்கும்போது செயின் கழன்று அடித்தது. மாரிசெல்வத்தின் வலது கையில் கடைசி இரண்டு விரல்களும் போயின. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "செயின லூசா மாட்டிட்டேன் மச்சான்" என்று அவனே பழியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டபோது, கண்ணுச்சாமி ஆமாம் என்று தலையாட்டினார். ஆட்டின தலையைத் திருப்பி எடுப்பது எப்படி என்று அவருக்கு இன்றுவரை தெரியவில்லை.

கடையிலிருந்து மெஷினோடு நேராக ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். மாரிசெல்வம் வீட்டு வாசலிலேயே காத்திருந்தான். இப்போது பால்கோவா கடைகளுக்கு அட்டைப்பெட்டி மடித்துக் கொடுக்கிறான். வீடு முழுக்க வெள்ளை அட்டைகள் அடுக்கியிருந்தன. "நாளைக்கு வேலையாமே? குடுங்க மச்சான், நான் செயினு மாட்டித் தாரேன்" என்று மெஷினை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

மூன்று விரலால் நட்டைத் திருகினான். செயினை இழுத்துப் பார்த்தான், தளர்த்தினான், மறுபடி இறுக்கினான். நாலு தடவை. நெற்றியில் வேர்வை பொடித்தது. முன்பெல்லாம் பேசிக்கொண்டே மாட்டுகிறவன்.

அவன் மனைவி முனீஸ்வரி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "பாருங்கண்ணே, இந்தக் கவனம் அன்னைக்கு இருந்திருந்தா வெரலு இருந்திருக்கும்."

மாரிசெல்வம் தலையைத் தூக்கவில்லை. "அவ சொல்றது நெசந்தான மச்சான்" என்றான்.

கண்ணுச்சாமி டீயைத் தொடாமல் எழுந்தார். புது எண்ணெயை ஊற்றி மெஷினை வாசலுக்குக் கொண்டுபோய் முடுக்கினார். மாரிசெல்வம் மடிக்காத அட்டை ஒன்றை எடுத்து வந்து தரையில் விரித்து, பக்கத்தில் குத்தவைத்தான். மெஷின் அலறியது. அட்டையின் குறுக்கே பளிச்சென்று ஒரு கோடு விழுந்தது.

"விழுது மச்சான்!" சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தான். "அன்னைக்கும் இப்பிடித்தான விழுந்துச்சு?"

"இல்ல."

சத்தத்தில் அது அமுங்கிப்போனது. மாரிசெல்வம் காதருகே கையைக் குவித்தான். "என்னது? கேக்கல!"

தலையை ஆட்டிவிட்டுப் போய்விடலாம். இன்னொரு தடவை ஆட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது? கண்ணுச்சாமியின் கட்டைவிரல் சுவிட்சைத் தேடிப்பிடித்து அணைத்தது. தெருவே நின்றுபோன மாதிரி இருந்தது.

"அன்னைக்குக் கோடு விழல மாப்ள. பாத்துட்டுத்தான் ஏறச் சொன்னேன். நீ மாட்டுன செயினு சரியாத்தான் இருந்துச்சு."

உள்ளே பெட்டி மடிக்கிற சத்தம் நின்றது. முனீஸ்வரி நிலைப்படிக்கு வந்து நின்றாள்.

மாரிசெல்வம் அவரைப் பார்க்கவில்லை. குத்தவைத்தபடியே வலது கையை விரித்து அந்தக் கோட்டின்மேல் வைத்தான். மூன்று விரல்களுக்கு அடியில் எண்ணெய் பரவியது. விரலில்லாத பக்கம் கோடு அப்படியே அழியாமல் கிடந்தது.