கால்மாட்டில் ஒரு கட்டில்

மே மாதம் பிறந்ததும் எஃப்ராயின் தன் பழைய வண்டியை எடுத்துக்கொண்டு ஊரின் கிழக்குக் கோடிக்குப் போய் அம்பாரோவை அழைத்து வந்துவிடுவான். அம்பாரோ அவனுடைய முதல் மனைவி நொயேமியின் தாய். நொயேமி ரத்தத்தில் வந்த நோயால் பிள்ளை குட்டி இல்லாமல் செத்துப்போனாள். சாகும்முன் கணவனிடம் அவள் கேட்டது ஒன்றுதான்: அம்மாவைக் கோடையில் அந்த வீட்டில் தனியாக விட்டுவிடாதே. அவன் தலையாட்டினான். அதற்குப் பிறகு ஒரு கோடையும் தவறவிட்டதில்லை.

மெக்சிகோவின் வடக்கே பாலைவன ஊரான மெக்சிகாலியில் மே மாதம் வந்து உட்காரும் வெயில் அக்டோபரில்தான் எழுந்து போகும். அம்பாரோவின் வீட்டுக்குத் தகரக் கூரை. கூரைமேல், ஈர வைக்கோல் வழியே காற்றை இழுத்து அனுப்பும் ஒரு கூலர் இருந்தது. ஜூன் முடியும்வரை அது ஏதோ காற்று தரும். வளைகுடாப் பக்கமிருந்து ஈரம் ஏறிவிட்டால் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டது போலிருக்கும். அதன்பிறகு அந்தக் கூலர் எதற்கும் ஆகாது.

எஃப்ராயின் வீட்டிலும் ஏ.சி. ஒன்றுதான், படுக்கையறையில். கோடையில் குடித்தனமே அந்த அறைக்குள் நடந்தது. ஜன்னல் கண்ணாடிகளில் வெள்ளித் தாள் ஒட்டி, பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே துணி தேய்த்து, அங்கேயே தூங்கினார்கள். பெரிய கட்டிலில் எஃப்ராயினும் அவனுடைய இரண்டாவது மனைவி யாதிராவும். அவர்கள் கால்மாட்டில், மடக்குக் கட்டிலில், சுவரைப் பார்த்துத் திரும்பியபடி அம்பாரோ.

இதெல்லாம் தெரிந்துதான் யாதிரா அவனைக் கட்டிக்கொண்டாள். கோடைக்கு மட்டும்தானே என்று அப்போது நினைத்தாள். கோடை என்றால் பாதி வருஷம் என்பது அந்த ஊரில் பிறந்தவளுக்குத் தெரியாததில்லை. கல்யாணத்துக்கு முன் போடும் கணக்கு வேறு மாதிரி வரும், அவ்வளவுதான்.

அம்பாரோ ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. விடியும்முன் எழுந்து, கட்டிலை மடித்துச் சாய்த்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் பீன்ஸை வேகவைத்து ரொட்டியும் சுட்டு வைத்துவிடுவாள். அறைக்குள் வருமுன் இருமிவிட்டு வருவாள். தொலைக்காட்சியில் எதைப் போட்டாலும் பார்ப்பாள். மகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். அதுதான் யாதிராவுக்குத் தாங்கவில்லை. கிழவி பொல்லாதவளாக இருந்திருந்தால் ஒரு சண்டை போட்டிருக்கலாம்.

யாதிராவுக்குப் பிள்ளை வேண்டும். வயது முப்பத்தைந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. இருட்டில் எஃப்ராயின் கை அவள்மேல் விழுந்தால் கால்மாட்டில் மூச்சு சட்டென்று சீராகிவிடும். தூங்குவதுபோல் காட்டிக்கொள்ளும் மூச்சு. யாதிரா அவன் கையை எடுத்து அவன் பக்கமே வைத்துவிடுவாள்.

மூன்றாவது கோடையில், ஆகஸ்டு தொடக்கத்தில், தெருமுனையில் ஐஸ் சீவி விற்கும் செலா சமையலறை வாசலில் வந்து நின்றாள். வாய் சும்மா இராதவள்.

"என்னடி, இன்னும் விசேஷம் ஒண்ணுமில்லையா?" என்றாள். "உங்க வீட்டுல பிள்ளை உண்டாகணும்னா நவம்பர் வரைக்கும் காத்திருக்கணும் போல. நடுவுலதான் காவக்காரம்மா படுத்திருக்காங்களே."

யாதிரா சிரிக்கவில்லை. மறுக்கவும் இல்லை. "நம்ம ஊர்ல குளிர்காலம் ரொம்பச் சின்னதா இருக்கே, செலா" என்றாள்.

திரும்பியபோது அம்பாரோ கழுவிய தட்டுகளோடு பின்னால் நின்றிருந்தாள். தட்டுகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கிவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை எஃப்ராயின் வழக்கம்போலச் சீனர் கடையிலிருந்து பொரித்த சோறு வாங்கி வந்திருந்தான். சாப்பிடும்போது அம்பாரோ சாதாரணமாகச் சொன்னாள். திஹுவானாவில் இருக்கும் அண்ணன் மகன் வந்து தன் வீட்டில் ஏ.சி. மாட்டிவிட்டுப் போயிருக்கிறானாம். இனி அங்கேயே இருந்துகொள்ளலாமாம். எப்போது வந்தான் என்று எஃப்ராயின் கேட்டான். போன வாரம், அவனிடம் ஒரு சாவி இருக்கிறது என்றாள். இந்தக் கோடையை இங்கேயே கழித்துவிட்டுப் போங்களேன் என்று அவன் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். அவள் வேண்டாமென்றாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நல்லதாப் போச்சு, அத்தை" என்றான். அந்தக் குரலில் இருந்த நிம்மதி மூன்று பேருக்குமே கேட்டது.

சனிக்கிழமை அவனுக்கு ஓவர்டைம். யாதிராதான் கொண்டுபோய் விட்டாள். வாசலில் வண்டி நின்றதும் பையைத் தூக்க யாதிரா கதவைத் திறக்கப் போனாள். "நீ இறங்காத. வண்டியில இருக்கிற குளிர்ச்சி போயிடும்" என்று சொல்லிவிட்டு அம்பாரோ தானே பையை எடுத்துக்கொண்டு போனாள்.

யாதிரா வண்டியைத் திருப்பும்போது சுவரைப் பார்த்தாள். ஏ.சி. மாட்டினால் வெளியே ஒரு பெட்டி தொங்கும், அதிலிருந்து தண்ணீர் சொட்டும். அந்தச் சுவரில் ஒன்றுமில்லை. கூரைமேல் பழைய கூலர் துருப்பிடித்து நின்றது. பின்சுவரில் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. சுற்றிக்கொண்டு போனால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். எஞ்சினை ஓடவிட்டபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வந்த வழியே போய்விட்டாள்.

அந்த இரண்டு நாளும் கணவனும் மனைவியும் புதிதாகக் கல்யாணமானவர்கள் போல இருந்தார்கள். எஃப்ராயின் முற்றத்தில் இறைச்சி சுட்டான். யாதிரா சத்தம் போட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் ஒவ்வொரு முறையும் கிழக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை, யாதிரா வேலை பார்க்கும் தொழிற்சாலையில், சாப்பாட்டு மேசையில் ஒருத்தி, கிழக்குப் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து நேற்றிலிருந்து கரண்ட் இல்லை, பிள்ளைகளை அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யாதிரா கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். வயிற்றுவலி என்று மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். வெயிலில் கிடந்த ஸ்டீயரிங்கைத் தொட முடியவில்லை. கழுத்தில் கிடந்த துணியைச் சுற்றிப் பிடித்து ஓட்டினாள்.

கதவு தாழிடப்படவில்லை. அம்பாரோ சமையலறைத் தரையில் கிடந்தாள். தன்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். குழாயில் வருவதே கொதிநீர், அதுவும் காய்ந்துபோயிருந்தது. தோலில் வியர்வை இல்லை, அடுப்பில் வைத்த கல் மாதிரி சுட்டது. கண் திறந்திருந்தும் ஆளைத் தெரியவில்லை. யாதிரா அவளை இரு கைகளாலும் அணைத்து இழுத்துக்கொண்டு வந்து வண்டியில் போட்டாள்.

பிழைத்துக்கொண்டாள். ஆனால் சிறுநீரகம் பாதி கெட்டுவிட்டது. இடது கை நடுங்கத் தொடங்கியது, பேச்சு இழுத்தது. இனி இவர்களைத் தனியாக விடாதீர்கள், கோடை என்றில்லை, எப்போதுமே, என்றார் டாக்டர்.

துணி எடுத்துவர அம்பாரோவின் வீட்டுக்குப் போன எஃப்ராயின் முகம் செத்துத் திரும்பி வந்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலின் அந்தப் பக்கம் நின்று மனைவியைப் பார்த்தான்.

"அங்க ஏ.சி.யே இல்ல. நீதானே கொண்டுபோய் விட்ட. பாக்கலையா?"

யாதிரா வாயைத் திறந்தாள். அதற்குள் கட்டிலிலிருந்து மெல்ல இழுத்து இழுத்துக் குரல் வந்தது.

"பின்சுவத்துல இருக்குன்னு நான்தான் சொன்னேன். அவளை இறங்கவே விடல. அவளைக் கேக்காத."

எஃப்ராயின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். நொயேமி போனபோதுகூட அவன் அப்படி அழவில்லை என்று அம்பாரோ பின்னொரு நாள் சொன்னாள். மகள் பெயரை அவள் அந்த வீட்டில் சொன்னது அதுதான் முதல் தடவை.

அக்டோபர் போனது. அம்பாரோ போகவில்லை. யாதிரா வேலையை விட்டுவிட்டு அவளைக் குளிப்பாட்டினாள், உப்பில்லாமல் சமைத்தாள், மருந்து கொடுத்தாள். பெத்த மக கூட இப்படிப் பாத்துக்க மாட்டா என்று செலா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். யாதிரா அவள் கடைப்பக்கம் போவதை நிறுத்திவிட்டாள்.

நவம்பரில் ஒரு மத்தியானம். வெயில் இதமாக இருந்தது. முற்றத்தில் நாற்காலி போட்டு அம்பாரோவை உட்காரவைத்து, கீழே உட்கார்ந்து அவள் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்த யாதிரா, தலை நிமிராமலே சொன்னாள்.

"நான் பாத்தேன்மா. சுவத்துல பெட்டி இல்லைன்னு அன்னைக்கே பாத்தேன்."

"தெரியும்" என்றாள் அம்பாரோ. "நான் ஜன்னல் பக்கம் நின்னுட்டிருந்தேன். நீ வண்டியை நிறுத்திட்டுப் பாத்துக்கிட்டே இருந்தே."

"கூப்பிட்டிருக்கலாமே."

"நீ இறங்கி வருவேன்னு நெனைச்சேன்."

யாதிராவின் கை நின்றது.

"வந்திருந்தா?"

"வந்திருந்தா உன் கூடவே வந்திருப்பேன். அப்பவே பயமா இருந்துச்சு எனக்கு." அம்பாரோ மூச்சு வாங்கினாள். "நீ வரல. சரி, இப்படித்தான் ஆகணும்போலன்னு கதவைச் சாத்திக்கிட்டேன்."

"அவர்கிட்ட ஏன் பொய் சொன்னீங்க?"

எதிர்ச் சுவரில் ஒரு புறா வந்து உட்கார்ந்து போனது.

"அவன் உன்னை விட்டுட்டா எனக்கு யாரு இருக்கா?" என்றாள். பிறகு, "இந்தக் காலு முடிஞ்சுது. அந்தக் காலையும் பாரு."

யாதிரா அந்தக் காலையும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அந்தக் குளிர்காலத்தில் அம்பாரோவின் படுக்கையை அடுத்த அறையில் போட்டார்கள். இப்போது படுக்கையறையில் இருவர் மட்டும்தான். எஃப்ராயின் எழுந்து போய்க் கதவைச் சாத்துவான். அவங்க கூப்பிட்டா கேக்காது என்று சொல்லி யாதிரா மறுபடி திறந்து வைப்பாள். கொஞ்ச நாளில் அவன் சாத்துவதை விட்டுவிட்டான். விசேஷம் ஒன்றும் இல்லை. ஏப்ரல் முடிவதற்குள்ளேயே வெயில் வந்துவிட்டது. மடக்குக் கட்டில் மறுபடி கால்மாட்டுக்கு வந்தது.