முதுகுத் தண்ணீர்

ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சி அறைக் கதவு சாத்தியிருந்தது. வெளியே போட்டிருந்த பெஞ்சில் ஜெனவீவ் தனியாக உட்கார்ந்திருந்தாள். கலும்பாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவள். இடது கால் மரத்துப்போனதிலிருந்து மேட்டில் இருக்கும் மரங்களுக்கு ஏற முடியவில்லை. என்ன நோவு என்று டாக்டர் சொன்னால் நாற்றுமேடையில் லேசான வேலை தரலாம், இல்லாவிட்டால் வேலையும் கிடையாது, லயத்து வீடும் கிடையாது என்று மானேஜர் சொல்லியிருந்தார்.

போன முறை இங்கேதான் சுருண்டு படுக்க வைத்து முதுகெலும்பில் ஊசி குத்தித் தண்ணீர் எடுத்தார்கள். பிறகு வார்டில் தலையைத் தூக்காமல் மல்லாந்து கிடக்கச் சொன்னார்கள். மற்றக் கட்டில்களைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். அவளுக்குத் தாகமெடுத்தபோது, யாரையோ பார்க்க வந்த சீனத்தி ஒருத்தி வாயில் ஸ்ட்ராவை வைத்துக் குடிக்கக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த மகாதேவா, ஆராய்ச்சி டாக்டரின் உதவியாளன், அவளைக் கண்டதும் நின்றான்.

"ஏனம்மா வந்தனீங்கள்? ஆர் வரச் சொன்னது?"

"யாரும் சொல்லல தம்பி. நானாத்தான் வந்தேன். என் தண்ணியப் பாத்தாச்சா?"

"பார்த்துக்கொண்டுதான் இருக்கிறம்."

"இன்னுமா? நாங்க பாலக் கொண்டாந்தா கணக்கெழுதுற கிராணி சின்னப் போத்தல்ல கொஞ்சம் எடுத்து வைப்பாரு. மறுநாளே, 'என்ன ஜெனவீவ், மழைக்கு வாளியத் தொறந்து வச்சியா, ஒரே தண்ணி'ன்னு கிண்டல் பண்ணுவாரு. நீங்கல்லாம் படிச்சவங்க, சீக்கிரம் பாருங்க லா."

மகாதேவா சிரித்தான். பிறகு பெட்டியைக் கீழே வைத்தான்.

"இது அப்பிடி இல்லையம்மா. அந்தத் தண்ணியில இருக்கிற புரதத்தைப் பிரிச்சுப் பார்க்கிறம். நோயாளியளுக்கும் சுகமான ஆக்களுக்கும் அது வித்தியாசப்படுதோ எண்டு. பிறகு வாற ஆக்களுக்கு உதவும்."

"சரி, என்னுது என்ன சொல்லுது?"

"உங்கடயத் தனியாப் பார்க்கேல்ல. கால் மரத்த ஆக்களின்ர எல்லாத்தையும் ஒண்டாக் கலந்துதான் பார்த்தது."

காலைத் தடவிக்கொண்டிருந்த ஜெனவீவின் கை நின்றது.

"எல்லார் பாலையும் கொட்டுற மாதிரி தொட்டியில ஊத்திட்டீங்களா?"

அவன் குனிந்து ஐஸ் பெட்டியைத் தூக்கினான்.

அறையிலிருந்து டாக்டர் வந்தார். கையில் நீலக் கோடுகள் ஓடிய கண்ணாடித் தகடு. அதை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கோட்டைச் சுட்டிக்காட்டி ஆங்கிலத்தில் படபடவென்று பேசினார்.

"அந்தப் புரதத்தில புதுசா ஒரு கோடு தெரியுதாம். டாக்டருக்கு நல்ல சந்தோசம்" என்றான் மகாதேவா. "இன்னும் கொஞ்சம் தண்ணி வேணுமாம். தருவீங்களோ எண்டு கேக்கிறார்."

"இந்தத் தடவ தனியா வைப்பாரா? என் நோவு என்னன்னு மானேஜருக்குச் சொல்லுவாரா? கேளு தம்பி."

அவன் கேட்டான். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். சிரித்தபடி அவள் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

"என்ன சொன்னாரு?"

"பார்க்கலாமாம்."

ஜெனவீவ் சுவரைப் பிடித்து எழுந்தாள். உள்ளே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு, யாரும் சொல்லாமலே கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். வலது முழங்கால் மடங்கி வந்தது. மரத்த காலை இரண்டு கைகளாலும் இழுத்து, நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, முதுகைக் காட்டினாள்.